பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ

சதீஸை நான் பழிவாங்கினேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் என் புருஷனின் தம்பி, எனக்குக் கொழுந்தன். நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஒன்பது வயசு, என் கையால் சோறு தின்று வளர்ந்தவன். அவனை ஊரே பார்க்க அழவைத்தேன். அதற்காக இன்றுவரை ஒரு சொட்டு வருத்தம் எனக்கில்லை.

என் பெயர் ஜீவராணி. தெஹியோவிட்டயிலிருந்து உள்ளே வருகிற பஸ் கடைசியாக நின்று திரும்பும் இடத்தில் எங்கள் றப்பர் தோட்டம். பதினெட்டு வருஷமாக இங்கே பால் வெட்டுகிறேன். வெளிச்சம் வந்ததும் மலைக்கு ஏற வேண்டும். இருநூற்றெண்பது மரம். ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து பட்டையைச் சீவி, பால் இறங்குகிறதா என்று பார்த்து, சிரட்டையைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். பிறகு திரும்ப ஒரு சுற்று வந்து, சிரட்டைப் பாலை எல்லாம் வாளியில் ஊற்றி, படிக்கட்டில் இறங்கி நிறுக்கிற இடத்துக்குச் சுமக்க வேண்டும். இதை இங்கே எல்லாப் பொம்பளையும்தான் செய்கிறாள். ஆனால் அவர்களுக்கு இல்லாத இன்னொரு சுமை எனக்கு இருந்தது. என் மார்.

சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியதெல்லாம் பட்டு முடித்துவிட்டேன். பதினைந்து வயசில் தொடங்கியது, பிள்ளை பெற்ற பிறகு இன்னும் பெருத்தது. குனிந்தால் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுக்கும். நிமிர்ந்தால் முதுகு விண் விண் என்று தெறிக்கும். வெயில் காலத்தில் அடியில் வேர்த்துப் புண்ணாகிவிடும், பவுடர் போட்டுத் துணி மடித்து வைத்துக்கொண்டு மலைக்குப் போவேன். பாடியின் பட்டை இரண்டு தோளிலும் பதிந்து பதிந்து விரல் வைக்கிற அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. பட்டைக்கு அடியில் பழைய சிவப்புக் கட்டம் போட்ட டவலைக் கிழித்து, நாலாக மடித்து, தைத்து வைத்திருந்தேன். கொடியில் காயப்போட்டால் அது யாருடையது என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். படி இறங்கும்போது ஒரு கையில் வாளி, இன்னொரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு இறங்குவேன். வேறு வழி இல்லை.

இவ்வளவையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பொறுக்க முடியாமல் போனது விரல் மரத்துப்போன பிறகுதான். வலக்கையின் கடைசி இரண்டு விரலும் கத்தியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கத்தி வழுக்கி மரத்தின் சதை வரைக்கும் இறங்கிவிடும். ஒரே வாரத்தில் ஐந்து மரத்தைக் காயப்படுத்திவிட்டேன். கங்காணி காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நிறுத்தி வைத்து, பதினேழு வருஷம் வெட்டினவளுக்குக் கை பழகவில்லையா என்று கேட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவிசாவளையில் பார்த்து, துண்டு எழுதிக் கொழும்பு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்ன வயசு டொக்டர் மிஸ், சிங்களப் பிள்ளை. என் சிங்களத்தைக் கேட்டு முதலில் நான் தமிழ் என்றே அவளுக்குத் தெரியவில்லை. தோளில் இருந்த பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷம் என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாடாவால் அளந்து, இன்னொரு பெரிய டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டி, இரண்டு பேரும் பேசிக்கொண்டு சொன்னார்கள். குறைக்கலாம். பக்கத்துக்கு ஒரு கிலோ இருநூற்றைம்பது அளவில் எடுக்க வேண்டி வரும். மூன்று நாள் வார்டில். ஆறு வாரத்துக்கு வாளி தூக்கக் கூடாது. தழும்பு இருக்கும், கொஞ்சம் உணர்ச்சி குறையலாம், இனி ஒரு பிள்ளை பிறந்தால் பால் கொடுக்க முடியாமல் போகலாம். வீட்டில் பேசி, நன்றாக யோசித்து, ஒரு மாதத்தில் வந்து சொல்லுங்கள் என்றாள் மிஸ்.

அவள் சொன்னபடி வீட்டில் பேசினேன். அதுதான் நான் செய்த பிழை.

என் புருஷன் இராமையா அடிக்கிற ஆள் இல்லை, குடிக்கிற ஆள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தானாக முடிவெடுக்கிற ஆளும் இல்லை. நான் சொன்னதைக் கேட்டு, ம் என்றார். பிறகு நேராகப் போய்த் தம்பியிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டார். என் மாமியார் மூக்காயி, பிள்ளைக்குப் பால் குடுத்த மாரை எந்தப் பொம்பளையாவது அறுப்பாளா என்று அரை நாள் ஒப்பாரி வைத்தது. சதீஸ் சிரித்தான். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா மே மாதம். கடைசி நாள் மஞ்சள் தண்ணி. பகல் முழுக்கத் தேர் தோட்டத்தின் மூன்று பிரிவையும் சுற்றி வரும், தப்பு முழங்கும், வீட்டுக்கு வீடு மஞ்சள் தண்ணி ஊற்றுவார்கள். நேர்த்தி வைத்தவர்கள் தேருக்கு முன்னால் வேஷம் கட்டி ஆடுவார்கள். புலி வேஷம், பிச்சைக்கார வேஷம், ஆம்பளைகள் கட்டுகிற பொம்பளை வேஷம். சதீஸ் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போக விசா கிடைக்க வேண்டும் என்று மூன்று வருஷம் பொம்பளை வேஷம் கட்டுவதாக நேர்ந்திருந்தான். போன வருஷம்தான் முதல் வருஷம்.

அன்றைக்கு நான் கோயிலடியில் மாவிளக்குத் தட்டோடு நின்றேன். பக்கத்தில் என் மகள் இராஜகுமாரி, அப்போது அவளுக்குப் பதினாலு. வேஷக்காரர்கள் வந்தார்கள். சதீஸ் என் பாடியைப் போட்டிருந்தான். சேலைக்கு மேலே, வெளியே தெரிகிற மாதிரி. சிவப்புக் கட்டம் போட்ட டவல் துண்டு இரண்டு தோளிலும் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே இரண்டு தலையணை. ஒரு கையில் வாளி, இன்னொரு கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, கூன் போட்டுப் படி இறங்குகிற மாதிரி ஆடினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு இன்னொருத்தன் டொக்டர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டு, கையில் பால்வெட்டுக் கத்தியோடு வந்தான். சதீஸ் அவனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "டொக்டர் ஐயா, ஒரு பக்கம் வெட்டுங்க, மறுபக்கம் சிரட்டை கட்டுங்க" என்றான்.

என் புருஷன் எங்கே என்று பார்த்தேன். தேர்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் சிரித்தார்.

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராகத் தலைவர் நல்லையாவிடம் போனேன். கோயில் கமிட்டிக்கும் அவர்தான், தொழிற்சங்கத்துக்கும் அவர்தான். கொடியில் இருந்ததைத் திருடிக் கட்டியிருக்கிறான், நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"கொழுந்தன் அண்ணிய கேலி பண்றது முறைதானே, ஜீவராணி. வேஷத்துல நடந்தது வேஷத்தோட போயிரும். மனசுல வைக்கக் கூடாது. அது அம்மனுக்கே ஆகாது."

நான் மனசில் வைத்தேன். பத்திரமாக வைத்தேன். அந்தப் பாடியை அடுப்பில் போட்டு எரித்தேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு மாதத்தில் வருகிறேன் என்று சொன்னவள் போகவில்லை. போனால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சதீஸ் கேலி பண்ணினான், அவள் போய் அறுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்பார்கள். அவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிவான். என் வலிக்கு நான் தேடிய மருந்தை அவன் தன் கெட்டித்தனமாக்கிக்கொள்வான். அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். அதனால் இன்னும் ஒரு வருஷம் அந்தச் சுமையைச் சுமந்தேன். இருநூற்றெண்பது மரம், தினம் தினம்.

மகளுக்கு நடந்தது இன்னும் மோசம். அவளுக்கு என் உடம்பு வாகு. அந்தத் திருவிழாவுக்குப் பிறகு அவள் ஸ்கூல் பேக்கை முதுகில் போடுவதை விட்டுவிட்டாள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூனிக்கொண்டு போனாள். பதினைந்து வயசுப் பிள்ளை கிழவி மாதிரி நடந்தது. நிமிர்ந்து நட என்று ஒரு நாள் அதட்டினேன். "நிமிந்தா சித்தப்பா பார்த்துட்டு அடுத்த வருஷம் என்னைய ஆடிருவாரு" என்றாள். அன்றைக்கு இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, ஆப்பரேஷன் செய்துகொள்வேன். இரண்டு, அதற்கு முன்னால் சதீஸை ஒரு கை பார்ப்பேன். அந்த வரிசை மாறக் கூடாது.

ஏப்ரல் மாதம் யாரிடமும் சொல்லாமல் கிளினிக்குக்குப் போனேன். அதே மிஸ் இருந்தாள். ஏன் ஒரு வருஷம் வரவில்லை என்று கேட்டாள். வீட்டில் திருவிழா என்றேன். புருஷன் கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்து, உங்கள் கையெழுத்துப் போதும் என்றாள். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. போட்டேன். விரல் மரத்திருந்ததால் கோணலாக விழுந்தது, ஆனாலும் என் கையெழுத்துத்தான். ஜூன் பன்னிரண்டு என்று துண்டில் எழுதிக் கொடுத்தாள். திரும்பும்போது ஒன்றை மட்டும் நிச்சயப்படுத்திக்கொண்டேன்: பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோதானே? அவ்வளவுதான், ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கலாம் என்றாள்.

எங்கள் கோயிலில் வேஷத்துக்கு இன்னொரு முறை உண்டு. பொம்பளை வேஷம் கட்டுகிறவனுக்குக் கேலி முறை உள்ள பொம்பளைதான் கட்டிவிட வேண்டும். அண்ணி, இல்லாவிட்டால் மாமன் மகள். காலையில் பூசாரி காப்புக் கட்டிவிட்டால், தேர் திரும்பிக் கோயிலுக்குள் போகிற வரைக்கும் வேஷத்தைக் கழற்றக் கூடாது. கட்டினவளே கழற்ற வேண்டும். நடுவில் கழன்றால் நேர்த்தி சேராது, முதலிலிருந்து மூன்று வருஷம் ஆட வேண்டும். போன வருஷம் அவனுக்கு மாமன் மகள் ஒருத்தி கட்டிவிட்டாள். இந்த வருஷம் நானாகவே போய்க் கேட்டேன்.

"தம்பி, இந்த வருஷம் ஒனக்கு நானே கட்டி விடுறேன்" என்றேன்.

அவன் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "ஹரி, சரி அண்ணி. நீங்க கோவமா இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன். நீங்க கட்டுனா அசல் மாதிரியே இருக்கும்." மாமியாருக்கு ஒரே சந்தோஷம், பிள்ளைகள் ராசியாகிவிட்டார்கள் என்று. இராமையா அன்றைக்கு எனக்கு மல்லிகைப் பூ வாங்கி வந்தார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

லயத்துக்குப் பின்னால், தோட்டத்துக் கணக்கில் இல்லாத இரண்டு றப்பர் மரம் தானாக முளைத்து நிற்கிறது. நாலு நாள் அதில் பால் வெட்டி, உறையாமலிருக்க அமோனியா விட்டுச் சேர்த்து வைத்தேன். நாலாம் நாள் பின்னேரம் மீன் குழம்பு வைக்கிற பெரிய கிண்ணம் இரண்டைக் கழுவி, பாலை ஊற்றி, அசிட் விட்டுக் கலக்கினேன். பால் உறைந்தால் கிண்ணத்தின் உருவத்துக்கே உறையும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வெள்ளையாக, மெத்தென்று, தொட்டால் ஆடுகிற மாதிரி. இராஜகுமாரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்றாள்.

மாட்டேன் என்றேன். பொய்க் கனம் கட்டினாள் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. உறைந்த இரண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு போய், பஸ் நிற்கிற இடத்தில் இருக்கும் நிலாம் நானா கடைத் தராசில் வைத்தேன். ஒன்று கொஞ்சம் கூட இருந்தது. கத்தியால் ஓரத்தைச் சீவி, ஒரு கிலோ இருநூற்றைம்பதில் நிறுத்தினேன். இது என்ன தங்கச்சி, புது மாதிரிப் பணியாரமா என்று கேட்டார் நானா. அம்மனுக்கு நேர்த்தி என்றேன்.

புதுப் பாடி ஒன்றைக் கோதுமை மா உறைத் துணியில் தைத்தேன். பட்டை என் பட்டையின் அகலத்துக்கே வைத்தேன், ஒரு நூல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. டவல் துண்டு வைக்கவில்லை. போன வருஷம் அதைப் பார்த்துத்தானே எல்லோரும் சிரித்தார்கள்.

மஞ்சள் தண்ணி அன்று காலை எட்டு மணிக்குக் கோயில் மடத்தில் வைத்துக் கட்டினேன். சதீஸ் ஸ்டோரில் றப்பர் சீட் அடிக்கிறவன், பாலின் வாடையை உடனே பிடித்துவிட்டான். கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, "ஷோக்கா இருக்கு அண்ணி" என்றான். கனமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இதெல்லாம் ஒரு கனமா? ஸ்டோர்ல நான் தூக்காத கனமா?" என்றான். நல்லது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பட்டையைத் தோளில் போட்டு, முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்து, சாக்கு ஊசியால் இருபது தையல் போட்டேன். அதற்கு மேலே சட்டை, சேலை. பூசாரி வந்து காப்புக் கட்டினார்.

முதல் ஒரு மணி நேரம் அவன் ராசாதான். தப்புக்கு ஏற்ற மாதிரி குலுக்கினான். பொம்பளைகள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தேருக்குப் பக்கத்தில் பூத் தட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எனக்கு அவசரமில்லை.

கீழ்ப்பிரிவுக்கு இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்கு வீடு ஊற்றிய மஞ்சள் தண்ணியில் மா உறை நனைந்து பட்டை கயிறு மாதிரி சுருண்டுகொண்டது. அவன் தோளைத் தூக்கித் தூக்கிப் போட்டான். கொஞ்ச நேரத்தில் கட்டை விரலைப் பட்டைக்கு அடியில் செருகிக்கொண்டு நடந்தான். கல் படியில் இறங்கும்போது ஒரு கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டான். அவனை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சனம் கை தட்டியது. போன வருஷத்தை விட இந்த வருஷம் நடிப்பு அபாரம் என்று தலைவர் நல்லையா சத்தமாகச் சொன்னார்.

நடுப்பிரிவில் உறைபாலின் தண்ணி கசிய ஆரம்பித்தது. வாடை எழும்பியது, ஈ மொய்த்தது. அவன் குனிந்தே நடந்தான். ஆடவில்லை. தப்புக்காரர்கள் பக்கத்தில் போய் அடித்து உசுப்பினார்கள். "வலிக்குதுடா" என்றான். அவர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்று, தோள் அறுந்து போகிறது, சத்தியமாக நடிக்கவில்லை என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். கூட்டம் இன்னும் சிரித்தது. அண்ணி குரலை அப்படியே புடிச்சிட்டாண்டா என்று எவனோ கத்தினான். சதீஸ் அங்கேயே உட்கார்ந்து அழுதான். மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. அதற்கும் கை தட்டினார்கள்.

அப்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? குளிர்ந்தது. ஒரு வருஷமாக எரிந்த வயிறு குளிர்ந்தது. அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணி, நெசமாவே வலிக்குதுங்க. யாரும் நம்ப மாட்டேங்குறாங்க" என்றான். என் காலைப் பிடித்தான். "ஒரு தையலையாவது அவுத்து விடுங்க."

"அவுக்கலாம். நேர்த்தி போயிரும், பரவாயில்லையா?"

அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

"அப்ப நட தம்பி. மேல்பிரிவு இன்னும் இருக்கு" என்றேன்.

தேர் ரோட்டால் சுற்றிப் போகும்; வேஷக்காரர்கள் மேல்பிரிவுக்கு ஏற இருநூற்றுப் பதினான்கு படி. நான் வாளியோடு இறங்குகிற அதே படி. ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு அவனுக்குப் பின்னால் ஏறினேன். அவன் நாலு இடத்தில் நின்றான், நான் நாலு இடத்திலும் நட என்றேன். மேலே போய்ச் சேர்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நாலரை மணிக்குத் தேர் கோயிலுக்குள் போனது. எல்லோரும் பார்க்க, மடத்தில் அவனை உட்கார வைத்துச் சட்டையைக் கழற்றி, கத்தரிக்கோலால் தையலை வெட்டினேன். பட்டை தோளோடு ஒட்டியிருந்தது, உரித்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டு தோளிலும் சிவப்பாகப் பள்ளம். தோல் வழன்று இரத்தம் கசிந்தது. மாமியார் அலறிக்கொண்டு வந்து, என் பிள்ளைக்கு என்னத்தடி கட்டின என்று என்னைப் பிடித்து உலுக்கியது. உறைபால் இரண்டையும் எடுத்து, தலைவர் நல்லையாவுக்கு முன்னால் தரையில் வைத்தேன்.

"டொக்டர் எங்கிட்டருந்து வெட்டி எடுக்கணும்னு சொன்ன அளவு. நிலாம் நானா தராசுல நிறுத்தது. ஒரு கிராம் கூட இல்ல. இது கழிக்கப் போறது மட்டுந்தான் தலைவரே, மிச்சம் இன்னும் எங்கிட்ட இருக்கு."

தலைவர் தரையைப் பார்த்தார், பிறகு வேறு எங்கேயோ பார்த்தார். நானே சொல்லிக் கொடுத்தேன்:

"வேஷத்துல நடந்தது வேஷத்தோட போயிரும். மனசுல வைக்கக் கூடாது."

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் வீட்டுக்குப் போனால் அங்கே இராமையா தம்பியைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, இரண்டு தோளிலும் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். ஊதி ஊதித் தடவினார். என்னைப் பார்த்ததும், "பாவம் ஜீவா, தோளைப் பாரு. இவ்வளவு வலிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

நான் வாசலில் அப்படியே நின்றேன். பகலெல்லாம் குளிர்ந்திருந்த வயிறு மறுபடி பற்றிக்கொண்டது. பதினெட்டு வருஷம் இந்த ஆளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேன். என் தோளில் அந்தப் பள்ளம் ஒரு நாளில் விழுந்ததில்லை. ஒரு நாள்கூட அந்த எண்ணெய்ப் போத்தலைத் திறந்ததில்லை இந்தக் கை. சதீஸை அழவைத்தபோது என் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முக்கால்வாசிக் கணக்கு இந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மனசு பண்ணுகிற மாதிரி சொன்னார்: "நீ அந்த ஆப்பரேசனச் செஞ்சுக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நான் ஒங்ககிட்ட கேக்கலயே" என்றேன். "கையெழுத்து ஏப்ரல்லயே போட்டாச்சு. ஜூன் பன்னெண்டு. ஆறு வாரம் நான் வாளி தூக்கக் கூடாதாம். இருநூத்தெண்பது மரமும் நீங்கதான் வெட்டணும், நீங்கதான் சொமக்கணும். கங்காணிகிட்ட ஒங்க பேரக் குடுத்துட்டேன்."

அவர் புல்லு வெட்டுகிற வேலைக்காரர், பால் வெட்டிப் பழக்கமில்லை. நான் எப்படி என்று இழுத்தார். கத்தி பிடிக்கத் தெரியாவிட்டால் மகளிடம் கேட்டுப் பழகுங்கள் என்றேன். என் தோளைப் பற்றி அவர் அப்போதும் கேட்கவில்லை. எண்ணெய்ப் போத்தலை எடுத்து மூடி, என் பெட்டிக்குள் வைத்தேன். அது இப்போது ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிற சாமான்.

ஜூன் பதினொன்று காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். இராமையா வாளியோடும் கத்தியோடும் பெரட்டுக்குப் போக நின்றார். நாலு நாளாகப் பழகுகிறார், அதற்குள் முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இராஜகுமாரி என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய ஸ்கூல் பேக் முதுகில் இருந்தது.

சதீஸ் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றான். தோளில் புண் ஆறி, கறுப்பாக இரண்டு கோடு தெரிந்தது. என்னைக் கண்டதும் தண்ணியைத் துப்பிவிட்டுத் தலையைக் குனிந்தான். திருவிழாவிலிருந்து அவன் என்னிடம் பேசவில்லை. நான் பையைத் திறந்து, துவைத்து மடித்து வைத்திருந்த மா உறைப் பாடியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். விசா இன்னும் வரவில்லை, நேர்த்தியில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது. அதற்கும் கட்டிவிட அண்ணி நான் இருக்கிறேன்.

"பத்திரமா வச்சிரு தம்பி" என்றேன். "அடுத்த வருஷம் எனக்கு இருக்காது. ஒனக்கு இருக்கும்."